சுண்ணாம்பு போட்ட கற்கள்

அந்த ஞாயிற்றுக்கிழமை பெருங்களத்தூர்க் குன்றின் அடிவாரத்தில் இருந்தவர்கள் என் அக்காவின் கணவரான மாமா, நான், கல் உடைக்கும் ஆட்கள், அவர்களுடைய மேஸ்திரி. இல்லாதவர், ‘சீக்கிரமே வந்து அளந்துவிடுகிறோம்’ என்று சொல்லிவிட்டுப் போன தொல்பொருள் அதிகாரி. கோடை போய் மழையும் போயிருந்தது. அவர் மட்டும் வரவில்லை.

மாமா ரயில்வேயில் எலக்ட்ரீஷியன். சல்லடை விளிம்பில் செம்புக் கம்பியைச் சுற்றி, பழைய டிரான்சிஸ்டர் ரேடியோவோடு மூங்கில் கழியில் கட்டி, மண்ணுக்குள் இரும்பு இருந்தால் கீச்சென்று குரல் மாறும் கருவி ஒன்றைச் செய்திருந்தார். ஞாயிறு பூசை முடிந்ததும் சட்டையைக்கூட மாற்றாமல் என்னையும் அழைத்துக்கொண்டு குன்றுக்குக் கிளம்பிவிடுவார். “இன்னா சார், ரேடியோவுக்குப் புல்லு காட்டிகினு கீறீங்களா?” என்று மாடு மேய்ப்பவர்கள் சிரிப்பார்கள். “ஆமாப்பா, பால் கறந்தா உனக்கும் ஊத்தறேன்” என்பார்.

அங்கே பெரிய கற்களை வட்டமாக நட்டு வைத்திருந்தார்கள் பழங்காலத்து மனிதர்கள். செத்தவர்களைப் புதைத்த இடம். மழை அரித்த ஒரு வட்டத்துக்குள் கருவி கத்தியது. துருவேறிய கத்தி முனை ஒன்றும் கறுப்பு சிவப்புப் பானை ஓடுகளும் மண்ணிலிருந்து எட்டிப் பார்த்தன. மாமா தோண்டவில்லை. குன்றின் மறுபக்கத்தைக் கல்குவாரி தின்றுகொண்டே வந்தது. “கவர்மெண்டுக்குத் தெரிஞ்சா குவாரிய இங்க வராம நிறுத்திடுவாங்க மச்சான்” என்றார். எங்கள் வீட்டில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் தாண்டியவன் நான். தொல்பொருள் துறைக்கு ஆங்கிலத்தில் மனு எழுதினேன். படித்தவன் எழுதினால் படித்தவர்கள் கவனிப்பார்கள் என்று நானும் நம்பினேன்.

அதிகாரி ஒருமுறை ஜீப்பில் வந்தார். “வெரி குட். எதையும் தோண்டாதீங்க. வட்டத்துல இருக்கற கல்லுக்கெல்லாம் சுண்ணாம்பால குறி போட்டு வைங்க” என்று சொல்லிவிட்டுப் போனார். கிறிஸ்துமஸுக்கு வீட்டுக்கு வெள்ளையடிப்பவரைப் போல மாமா ஒவ்வொரு கல்லாக உட்கார்ந்து பளிச்சென்று குறி போட்டார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை போய்ப் பார்த்தால் அந்த இடத்தில் ஜல்லிக் குவியல்.

“சுண்ணாம்பு போட்ட கல்லத்தானே சார் ஒடைப்போம்?” என்றார் மேஸ்திரி, தலைத் துண்டை அவிழ்த்துக்கொண்டு. “காண்ட்ராக்டர் ஆளு வந்து குறி போட்டுட்டுப் போவான், நாங்க ஒடைப்போம். இது நீங்க போட்டதுனு எங்களுக்கு இன்னா தெரியும்?”

அவர்மேல் எனக்குக் கோபம் வரவில்லை. வெடிச்சத்தம் கேட்கும் தூரத்தில் நின்றுகொண்டு, குவாரிக்காரர்கள் எப்படி வேலை செய்கிறார்கள் என்று ஒரு வார்த்தை விசாரிக்காமல், குறி போடச் சொன்னவரை நினைத்தால் இன்றைக்கும் பல்லைக் கடிக்கிறேன். மாமா கருவியை ஜல்லியின்மேல் அசைத்துக்கொண்டே நடந்தார். அது அடிக்கொரு தரம் கத்தியது. ஒவ்வொரு முறையும் குனிந்து கிளறினார். உடைந்த உளி முனைகள்தான் கிடைத்தன. “போதும் மாமா, வாங்க” என்றேன். “இரு மச்சான், இது அதுவா இருக்கும்” என்றார்.

மறுநாளே இருவரும் அதிகாரியின் அலுவலகத்துக்குப் போனோம். உட்காரச் சொல்லவில்லை. “குறி போட்டது நீங்கதானே? பப்ளிக் தலையிட்டா இப்படித்தான் ஆகும்” என்றார். மாமா கை கட்டி நின்றார். அந்தக் கட்டிய கைகளைப் பார்த்ததும், “நீங்க சொல்லித்தானே சார் போட்டோம்!” என்று கத்தினேன்.

“எழுத்துல இருக்கா தம்பி?” என்று கேட்டார்.

மாமாவின் ரேடியோவில் இப்போது அக்கா பாட்டுக் கேட்கிறாள். நான் வேலைக்குப் போகும் பஸ், அந்த ஜல்லியைக் கொட்டி அகலப்படுத்திய ரோட்டில்தான் தாம்பரம் போகிறது. வட்டங்கள் இருந்தது குவாரி எல்லைக்கு வெளியே, புறம்போக்கில். அதனால் காண்ட்ராக்டருக்கு அபராதம் போட்டார்கள். எவ்வளவு என்று தாலுகா ஆபீசில் நச்சரித்துத் தெரிந்துகொண்டேன். அத்தனை கல்லறைகளுக்கும் சேர்த்து ஐம்பது ரூபாய்.