பெர்னடீன் வாங்கித் தந்த அட்டைகள்

பெர்னடீன் ஹுடாக் எங்கள் ஊர் நூலகத்தில் இருபத்தேழு வருஷம் வேலை பார்த்தாள். அதில் பத்தொன்பது வருஷம் அவளுக்குப் பக்கத்து மேசையில் நான். வீடும் அப்படித்தான். பென்சில்வேனியாவின் நிலக்கரி ஊர்களில் கம்பெனிக்காரன் கட்டிவைத்துவிட்டுப் போன இரட்டை வீடுகள். நடுவில் ஒரே சுவர். அந்தப் பக்கம் அவள், அவள் கணவன் ஃப்ளோரியன், மகன் டேமியன். இந்தப் பக்கம் நான்.

ஃப்ளோரியன் முப்பது வருஷம் சுரங்கத்தில் இருந்தவன். நெஞ்சில் தூசி ஏறி இருமிக்கொண்டே இருப்பான். அந்த இருமலுக்கு நாங்கள் எல்லாரும் பழகிவிட்டோம். 2010 கடைசியில் வந்தது வேறு. கணையத்தில் புற்றுநோய். மருந்து ஏற்றிவிட்டு வந்தால் நாலு நாளைக்குத் தண்ணீர்கூட நிற்காது. ஆறடி மனிதன், பிப்ரவரிக்குள் சட்டை மாட்டிய கொம்பு மாதிரி ஆகிவிட்டான்.

டேமியனுக்கு அப்போது இருபத்தாறு வயது. கூரை வேலை செய்துகொண்டிருந்தான். எங்கிருந்தோ கஞ்சா வாங்கிவந்து, வெண்ணெயில் காய்ச்சி வடிகட்டி, அதை அப்பாவுக்கு ரொட்டியில் தடவிக் கொடுத்தான். ஒரு மணி நேரம் கழித்து ஃப்ளோரியன் எழுந்து உட்கார்ந்து, "அடுப்பில என்ன இருக்கு?" என்று கேட்டானாம். முட்டைக்கோஸும் நூடுல்ஸும் வதக்கியது இருந்தது. ஒரு தட்டு முழுக்கச் சாப்பிட்டான். பெர்னடீன் என் கதவைத் தட்டி, "ஜென்னி, அவரு ரெண்டாவது தடவ கேக்குறாருடி" என்று சொல்லிவிட்டு அங்கேயே நின்று அழுதாள்.

அடுத்த இரண்டு மாதமும் அந்த வீட்டில் சாப்பாடு நடந்தது.

ஏப்ரலில் டேமியனின் காரில் பின்விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தினார்கள். இருக்கைக்கு அடியில் ஒரு பை கஞ்சா இருந்தது. அங்கேயே கைது செய்தார்கள். மறுநாள் காலை போலீஸ்காரர் ஒருவர் பெர்னடீன் வீட்டுக்கு வந்தார். சின்ன வயசு, மரியாதையான ஆள். தொப்பியைக் கழற்றிவிட்டுத்தான் உள்ளே வந்தார். பெர்னடீன் அவருக்குக் காப்பி போட்டுக் கொடுத்தாள். அவர் அதட்டிக் கேட்டிருந்தால் அவள் வாயை மூடிக்கொண்டிருப்பாள் என்று இன்றைக்கும் நான் நினைக்கிறேன். அவர் அதட்டவில்லை. "யாருக்காக வச்சிருந்தாரு உங்க மகன்?" என்றுதான் கேட்டார்.

உள்ளதைச் சொன்னால் புரிந்துகொள்வார் என்று நினைத்தாள். மேலே படுத்திருக்கும் கணவனைக் காட்டினாள். அலமாரியிலிருந்து வெண்ணெய் ஜாடியை எடுத்துக் காட்டினாள். அதோடு நிறுத்தியிருக்கலாம். மகனைப் பற்றி நல்லதாக ஒரு வார்த்தை சொல்ல வேண்டும் என்று தோன்றியிருக்கிறது. "அவன் தங்கமான பையன் சார். அப்பாவுக்கு மட்டுமில்ல, இந்தத் தெருவுல உடம்புக்கு முடியாத ரெண்டு மூணு பேருக்கும் அவன்தான் கொடுக்கிறான்."

அவர் அதைக் குறித்துக்கொண்டார்.

சொந்த உபயோகத்துக்கு வைத்திருந்தான் என்று முடிந்திருக்க வேண்டிய வழக்கு, அந்த ஒரு வரியால் பிறருக்குக் கொடுத்த வழக்காக மாறியது. பதினொன்றரை மாதத்திலிருந்து இருபத்து மூன்று மாதம் வரை சிறை என்று தீர்ப்பு. கோர்ட்டில் அவளுடைய வாக்குமூலத்தை வாசித்தபோது நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். 'தங்கமான பையன்' என்பதையும் சேர்த்தே வாசித்தார்கள். டேமியன் திரும்பிப் பார்க்கவில்லை. வெளியே அழைத்துப் போகும்போது மட்டும் சொன்னான்: "தெரியாதுன்னு சொல்லியிருக்கலாமேம்மா. ஒரே ஒரு வார்த்த."

ஃப்ளோரியன் ஆகஸ்டில் இறந்தான். கடைசி வாரங்களில் ஒன்றும் இறங்கவில்லை. மகனை அடக்கத்துக்கு அனுப்பச் சொல்லி பாதிரியார் கடிதம் எழுதிப் பார்த்தார். அனுமதி கிடைக்கவில்லை. டேமியன் ஒரு வருஷம் கழித்து வெளியே வந்து, ஊருக்குள் காலே வைக்காமல் நேராக மாநிலத்தின் அந்தக் கோடியில், ஏரிக்கரையில் இருக்கும் ஈரிக்குப் போய்விட்டான். காரில் ஆறு மணி நேரம். கிறிஸ்துமஸுக்கு அட்டை வரும். உள்ளே 'டேமியன்' என்று மட்டும் எழுதியிருக்கும்.

2018இல் எங்கள் மாநிலத்தில் மருத்துவத்துக்குக் கஞ்சா விற்கும் கடைகள் திறந்தன. எங்களுக்குப் பக்கத்து ஊரில், மூடிக்கிடந்த வீடியோ கடை இருந்த இடத்தில் ஒன்று வந்தது. கடை வந்ததே தவிர, உள்ளே போவது லேசில்லை. முதலில் மாநில அரசின் இணையதளத்தில் பெயரைப் பதிய வேண்டும். அடையாள அட்டையில் உள்ள முகவரியும் பதிகிற முகவரியும் எழுத்துக்கு எழுத்து ஒத்துப்போக வேண்டும். பிறகு அரசு பட்டியலில் இருக்கிற டாக்டர் ஒருவரைப் பார்க்க வேண்டும். அவர் மருந்துச் சீட்டு எழுத மாட்டார்; சட்டத்தில் சொன்ன நோய்களில் ஒன்று இவருக்கு இருக்கிறது என்று சான்று மட்டும் தருவார். சான்று ஏறிய பிறகு மறுபடி இணையதளத்துக்குப் போய்க் கட்டணம் கட்டினால் அட்டை தபாலில் வரும். அந்த அட்டையைக் காட்டினால்தான் கடைக்காரன் கதவைத் திறப்பான்.

எங்கள் ஊரில் பாதிப் பேருக்கு மின்னஞ்சல் முகவரியே கிடையாது. அவர்கள் நூலகத்துக்கு வந்தார்கள்.

பெர்னடீன் மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரை அதற்கென்றே ஒதுக்கினாள். செவ்வாய், வியாழன் மத்தியானம். யாரும் அவளைச் செய்யச் சொல்லவில்லை. ஒவ்வொருவருக்கும் மின்னஞ்சல் திறந்து, கடவுச்சொல்லைப் பெரிய எழுத்தில் ஒரு சீட்டில் எழுதி, பர்ஸில் வைக்கச் சொல்வாள். பட்டியலில் இருக்கிற டாக்டர்களில் யார் முதியவர்களைக் காக்கவைக்காமல் பார்ப்பார், யார் கிளினிக்குக்குப் படி அதிகம் என்பதெல்லாம் அவளுக்கு மனப்பாடம். பழைய வைத்தியக் குறிப்புகளை ஆஸ்பத்திரியிலிருந்து வாங்க அவளே கடிதம் எழுதித் தருவாள்.

ஓய்வுபெற்ற சுரங்கத் தொழிலாளி கிளெம் வார்கோ ஒரு வியாழக்கிழமை வந்தார். முதுகு முழுக்க நரம்பு வலி. நாற்காலியில் சாய முடியாமல் விளிம்பில் உட்கார்ந்துகொண்டு, "இந்த அட்டைய வாங்கினா புதுசா துப்பாக்கி வாங்க முடியாதாமே, நெசமா?" என்றார்.

"மத்திய அரசு சட்டம் அப்படித்தான் சொல்லுது, கிளெம். மாநிலம் சரிங்குது, அவங்க தப்புங்கிறாங்க. வீட்ல இருக்கிறத வச்சுக்கிறதும் சிக்கல்தான்."

"அப்ப மான் வேட்டை சீசன் முடியட்டும், வர்றேன்."

"மான் சுட மரத்து மேல பரண்ல ஏறி உக்காரணுமே. நாற்காலியில ஒழுங்கா உக்கார முடியல உங்களால."

கிளெம் என்னைப் பார்த்தார். "இவகிட்டப் பேசி ஜெயிச்ச ஆளு உண்டா?" என்றார். துப்பாக்கிகளை மருமகனுக்குக் கொடுத்துவிட்டு மறுவாரமே வந்து பதிந்துகொண்டார். அட்டை வந்ததும் அதைக் காட்ட நூலகத்துக்கு வந்து, எல்லாரும் கேட்கிற மாதிரிச் சொன்னார்: "அன்னிக்கு இத வச்சிருந்தவன ஜெயில்ல போட்டாங்க. இன்னிக்கு எனக்கு போட்டோ புடிச்சு அட்டை அடிச்சுத் தர்றாங்க."

டேமியன் விஷயம் அவருக்கு ஞாபகம் இல்லை. பெர்னடீன் தலையைத் தூக்கவில்லை. அடுத்த ஆளின் படிவத்தை நிரப்பிக்கொண்டிருந்தாள்.

ஒன்றரை வருஷத்தில் அறுபத்து மூன்று பேருக்கு அட்டை வாங்கித் தந்தாள். எதற்கு இப்படி உயிரைக் கொடுக்கிறாய் என்று ஒரே ஒரு தடவை கேட்டேன். "இந்த மாதிரி ஒரு காகிதம் அன்னிக்கு இருந்திருந்தா, அந்தப் போலீஸ்காரருக்கு அதையே காட்டியிருப்பேன். என் வாயத் தொறந்திருக்க மாட்டேன்" என்றாள்.

2019 மே மாதம் அவளுக்கே புற்றுநோய் வந்தது. கர்ப்பப்பையில் ஆரம்பித்துக் கல்லீரல்வரை போயிருந்தது. மருந்து ஏற்ற ஆரம்பித்ததும் ஃப்ளோரியனுக்கு நடந்த அத்தனையும் இவளுக்கும் நடந்தது. சுவரின் இந்தப் பக்கம் படுத்திருந்தால் அவள் வாந்தி எடுக்கிற சத்தம் கேட்கும். நான் எழுந்து போய்க் கதவைத் தட்டுவேன்.

"ஊருக்கெல்லாம் வாங்கிக் குடுத்த. உனக்கு வாங்க என்னடி?" என்று கேட்டேன்.

"எனக்கு வேணாம்."

"ஏன்?"

"அவருக்குக் கடைசியில கிடைக்கல. எனக்கு மட்டும் என்ன."

நாலு வாரம் சண்டை போட்டேன். எடை பத்து கிலோ குறைந்த பிறகுதான் ஒத்துக்கொண்டாள். மூன்றாம் நம்பர் கம்ப்யூட்டரில் அவள் பெயரை நான் பதிந்தேன். அவள் பக்கத்தில் உட்கார்ந்து என் எழுத்துப்பிழைகளைத் திருத்திக்கொண்டிருந்தாள்.

டாக்டர் ஐம்பது வயதுப் பெண். குறிப்புகளைப் புரட்டிவிட்டு, "இதுக்கு முன்னாடி பழக்கம் இருக்கா? உங்களுக்கோ, வீட்ல யாருக்காவதோ?" என்று சாதாரணமாகக் கேட்டார்.

"என் வீட்டுக்காரரு எடுத்துக்கிட்டாரு. ரெண்டு மாசம்."

"பலன் இருந்துதா?"

"சாப்பிட்டாரு."

"அது எப்ப?"

"2011ல."

டாக்டர் பேனாவை நிறுத்தினார். அந்த வருஷம் இங்கே அது சட்டவிரோதம் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. பெர்னடீனின் கை என் மணிக்கட்டைப் பிடித்தது. "யாரு கொடுத்தாங்கன்னு சொல்லணுமா டாக்டர்?"

"அதெல்லாம் தேவையில்லைங்க."

"சொல்ல மாட்டேன்" என்றாள். "நீங்க என்ன கேட்டாலும் அத மட்டும் சொல்ல மாட்டேன்."

டாக்டர் நாற்காலியை இழுத்து அவள் எதிரில் போட்டு உட்கார்ந்து, வேறு எதுவும் கேட்காமல் சான்றை எழுதி முடித்தார். மொத்தம் இருபது நிமிடம்கூட ஆகவில்லை.

அட்டை வருவதற்குள் அவளால் படி இறங்க முடியாமல் போய்விட்டது. நோயாளி வர முடியாவிட்டால், அவர் சார்பில் வாங்கிவர ஒருவரைப் பராமரிப்பாளராகப் பதியலாம். அவருக்குத் தனி அட்டை. அதற்கு விரல் ரேகை கொடுத்து, பழைய குற்றம் ஏதும் உண்டா என்று பார்ப்பார்கள். போதைப்பொருள் வழக்கில் ஐந்து வருஷத்துக்குள் தண்டனை பெற்றிருந்தால் முடியாது. டேமியனுக்கு எட்டு வருஷம் ஆகிவிட்டது. சட்டம் அவனைத் தடுக்காது. இதை அவள் என்னிடம் மூன்று தடவை சொன்னாள். வேறு யாரையும் போடச் சம்மதிக்கவில்லை.

"அவன்தான் அவங்கப்பாவுக்குக் கொடுத்தான். இப்ப சட்டப்படி, அட்டையோட, நிமிந்து நின்னு எனக்கு வாங்கிக் கொடுக்கட்டும். அது அவனுக்கு ஒரு..." அவளுக்கு வார்த்தை கிடைக்கவில்லை.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போன் போட்டாள். ஸ்பீக்கரில் போடச் சொன்னாள், கையில் பிடிக்கத் தெம்பில்லை. உடம்பைப் பற்றிச் சொன்னாள். பிறகு அட்டையைப் பற்றி, பதிவைப் பற்றி, விரல் ரேகையைப் பற்றிச் சொன்னாள்.

"ரேகை வைக்கணுமா?"

"சும்மா ஒரு சம்பிரதாயம்தான்பா. ஜென்னி கூட வருவா."

"ஒரு தடவ வச்சேன்மா. பத்து விரலும். திரும்ப என்னால போய் அங்க கைய நீட்ட முடியாது." அவன் குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் அவள் தாங்கியிருப்பாள். "ஜென் அத்தைகிட்ட சொல்லும்மா. அவங்க செய்வாங்க."

"சரிப்பா" என்றாள்.

ரேகையை நான் வைத்தேன். ஆகஸ்டு கடைசியில் முதல் தடவை அந்தக் கடைக்குப் போனேன். மருந்துக்கடை மாதிரியேதான் இருந்தது, சுத்தமாக, பூந்தொட்டியோடு. நாக்குக்கு அடியில் விடும் சொட்டு மருந்தும் மாத்திரையும் கொடுத்தார்கள். அன்று மாலையே அவள் அரைக் கிண்ணம் சூப்பும் ஒரு துண்டு ரொட்டியும் சாப்பிட்டாள். வாந்தி வரவில்லை. சாப்பிட்டு முடித்துக் கிண்ணத்தை மடியில் வைத்துக்கொண்டு அழுதாள். "இவ்வளவு லேசாவா இருந்துச்சு அவருக்கு?" என்று திரும்பத் திரும்பக் கேட்டாள்.

செப்டம்பர் கடைசியில் சொல்லாமல் கொள்ளாமல் டேமியன் வந்தான். முடி பாதி நரைத்திருந்தது. கட்டிலுக்குப் பக்கத்தில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான். நான் எழுந்து போகப் பார்த்தேன். பெர்னடீன், "இருடி" என்றாள்.

ஈரியில் பனி எப்படி, கூரை வேலை எப்படி என்று கேட்டாள். சொன்னான். பிறகு கேட்டாள்: "என்னை மன்னிச்சுட்டியாப்பா?"

அவன் போர்வையின் நுனியை மடித்துக்கொண்டே இருந்தான். "நீ பொய் ஒண்ணும் சொல்லலையேம்மா. உள்ளதச் சொன்ன. மன்னிக்க அதுல என்ன இருக்கு?"

அவள் முகத்தை நான் பார்த்தேன். அதற்கு மேல் கேட்கலாமா என்று யோசித்துவிட்டு, கேட்க வேண்டாம் என்று விட்டாள்.

அவன் மூன்று மணி நேரம் இருந்தான். பின்பக்கம் கூரையிலிருந்து தொங்கிக்கொண்டிருந்த மழைத்தண்ணீர்க் குழாயை ஏணி போட்டு ஏறிச் சரிசெய்தான். குப்பையை வெளியே வைத்தான். போகும்போது குனிந்து அவள் நெற்றியில் கை வைத்தான், காய்ச்சல் பார்க்கிற மாதிரி. மறுநாள் வேலை இருக்கிறது என்றான்.

பெர்னடீன் அக்டோபர் பதினாலாம் தேதி இறந்தாள். கடைசி நாலு நாள் தவிர, தினமும் ஏதோ கொஞ்சம் சாப்பிட்டாள். அடக்கத்துக்கு டேமியன் வந்தான். பெட்டியின் முன்பக்கத்தைச் சுமந்தான். சர்ச் கூடத்தில் சாப்பாடு போட்டிருந்தோம், அவன் உட்காரவில்லை.

டிசம்பரில் அவனிடமிருந்து ஒரு போன். வீட்டை விற்பது பற்றி இரண்டு விஷயம் கேட்டான். பிறகு, "அத்தை, அன்னிக்கு நான் கிளம்பினதுக்கப்புறம் அம்மா என்ன சொன்னாங்க?" என்றான்.

அவளுக்குப் பிடித்த மாதிரி, இவனுக்கு ஆறுதலான மாதிரி ஏதாவது சேர்த்துச் சொல்லத்தான் எனக்கு ஆசை. முடியவில்லை.

"ஜன்னல் பக்கம் திரும்பிப் படுத்துக்கிட்டா. அப்புறம், 'அவன் குரல் அவங்கப்பா குரல் மாதிரியே ஆயிடுச்சு'ன்னா."

"அவ்வளவுதானா?"

"அவ்வளவுதான்பா."

அவன் போனை வைக்கவில்லை. நானும் வைக்கவில்லை. அங்கே ஏரிக்காற்று ஜன்னலில் அடிக்கிற சத்தம் எனக்குக் கேட்டுக்கொண்டிருந்தது.