மாப்பிள்ளை முகத்தின் மேல் வந்த மெசேஜ்

போன வருடம் கிறிஸ்துமஸ் முடிந்த மறுவாரம். தேங்காய்ப்பட்டணம் பக்கத்திலுள்ள என் அம்மா வீட்டுக்கு, தங்கையைப் பெண் பார்க்க வந்திருந்தார்கள். மாப்பிள்ளைக்குக் கத்தாரில் வேலை, லீவு கிடைக்கவில்லை. அவருடைய அம்மாவும் அக்காவும் வந்தார்கள். அவர் வீடியோ காலில் வருவார் என்று ஏற்பாடு.

போனில் எல்லோரும் எட்டிப் பார்க்க வேண்டாமே என்று என் வீட்டுக்காரர் முந்திக்கொண்டார். அப்பா புதிதாக வாங்கிய பெரிய டிவியில் வயர் எதுவும் வேண்டாம், போனில் ஓடுவது அப்படியே தெரியும். மாப்பிள்ளையின் அக்காவுடைய போனை வாங்கி என் வீட்டுக்காரரே டிவியோடு இணைத்தார். ஹால் சுவரில் மாப்பிள்ளை பளிச்சென்று சிரித்தார். தன் முகம் டிவியில் ஓடுவது அவருக்குத் தெரியாது, யாரும் சொல்லவும் இல்லை.

தங்கைக்கு நாகர்கோவிலில் ஒரு ஆஸ்பத்திரி லேபில் வேலை. படித்து, அலைந்து, பிடித்த வேலை. அதை விட மாட்டேன் என்பது மட்டும்தான் அவள் போட்ட நிபந்தனை. அப்பா தயங்கித் தயங்கி அதைக் கேட்டார். மாப்பிள்ளை ஒரு நிமிடம் குனிந்து எதையோ தட்டினார். டிவியில் அவர் நெற்றிக்கு மேலே ஒரு மெசேஜ் வந்து நின்றது.

'வேலைக்குப் போகலாம்னு இப்பம் சொல்லிரு. கல்யாணம் களிஞ்சு நிறுத்திரலாம்.'

அக்காவுக்கு அனுப்பியது. ஹாலில் இருந்த அத்தனை பேரும் வாசித்தோம். அடுத்த நொடி அந்த மனிதர் நிமிர்ந்து அதே சிரிப்போடு, "அதுக்கென்ன மாமா, தாராளமா போகட்டு" என்றார்.

எனக்கு உச்சி முதல் உள்ளங்கால் வரை எரிந்தது. அதைவிட எரிச்சல் ஹாலில் இருந்தவர்கள் மேல். மாப்பிள்ளையின் அம்மா ஏத்தங்காய் சிப்ஸ் தட்டையே பார்த்துக்கொண்டிருந்தார். அப்பா காப்பி ஆறுகிறது, எடுத்துக்கொள்ளுங்கள் என்றார். என் வீட்டுக்காரர் ஒரு படி மேலே போய், டிவியில் இப்போதெல்லாம் கண்ட விளம்பரமும் வருகிறது என்று சிரித்தார். விளம்பரமாம்!

தங்கைதான் டிவி முன்னால் வந்து நின்றாள்.

"நீங்க அனுப்பின மெசேஜ இஞ்ச எல்லாரும் வாசிச்சாச்சு. அதையே வாயால சொல்லுங்க, கேக்கட்டு."

அவர் போனை வைத்துவிட்டார். வந்தவர்கள் சாப்பிடாமல் கிளம்பினார்கள். வீட்டுக்குக் கூப்பிட்டு வேண்டுமென்றே சிக்க வைத்துவிட்டோம் என்று அந்த அக்கா எங்களைத்தான் திட்டினார். சொன்ன பொய்யைப் பற்றி ஒரு வார்த்தை இல்லை. அப்பாவும் தங்கையிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை.

வீடு திரும்பும் வழியில் என் வீட்டுக்காரர் ஆரம்பித்தார்.

"உன் தங்கச்சிக்கு இவ்வளவு வாய் ஆகாது. கல்யாணம் களிஞ்சு பேசித் தீத்திருக்கலாம்."

நானும் நர்சிங் படித்தவள். என்னைப் பார்க்க வந்த அன்று இவரும் என் அப்பாவிடம், தாராளமாக வேலைக்குப் போகட்டும் என்றுதான் சொன்னார். கல்யாணத்துக்குப் பிறகு மாமியாருக்கு முடியவில்லை, பிள்ளை சின்னது என்று ஒவ்வொன்றாகச் சொல்லி என்னை வீட்டில் உட்கார வைத்தார்கள். அதுவரை அதை என் தலையெழுத்து என்றே நினைத்திருந்தேன்.

"என்னைப் பாக்க வந்த அண்ணைக்கு நீங்க யாருக்கு மெசேஜ் அனுப்பினிய?" என்று கேட்டேன்.

அவர் வண்டியின் வேகத்தைக் கூட்டினார்.

நல்லவேளை, தங்கை தப்பித்தாள் என்று இப்போது எல்லோரும் சொல்கிறார்கள். எனக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. ஒரு டிவி தற்செயலாகக் காட்டிக்கொடுத்ததால்தான் அவள் தப்பித்தாள். இல்லாவிட்டால் அவளும் இன்று என்னைப் போலச் சான்றிதழைப் பீரோவில் பூட்டி வைத்துவிட்டு, எல்லாம் என் தலையெழுத்து என்று சொல்லிக்கொண்டிருப்பாள்.