சீர்ப் பெட்டியில் விழுந்த ஊதாக் கறை

மதிப்பிற்குரிய ஐயா, அம்மையீர்,

பள்ளிப் படிப்பை இடையில் விட்டவன் நான். பிற்காலத்தில் தங்கள் நூலகத்தில் அமர்ந்து கற்றுக்கொண்டதன் துணையோடு, எங்கள் வீட்டில் நடந்த ஒன்றை எழுத முற்படுகிறேன்.

அப்போது எனக்கு ஒன்பது வயது. படப்பையில் குடியிருந்தோம். அப்பாவின் தங்கையாகிய அத்தைக்கு ஐப்பசியில் திருமணம் நிச்சயமாகி, சீராகக் கொடுக்க வேண்டிய வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டியும் கூடத்திற்கு வந்துவிட்டது. அத்தையோ கார்த்திகையில் தட்டச்சுத் தேர்வு எழுதக் காத்திருந்தார். திருமணத்திற்குப் பின் தேர்வு வேண்டாம் என்பது மாப்பிள்ளை வீட்டாரின் முடிவு. திருமணத்தைத் தைக்குத் தள்ளிவைக்குமாறு அத்தை வேண்டினார்; அப்பா இசையவில்லை.

இந்நிலையில் ஆயுத பூஜை வந்தது. மறைமலை நகர்ப் பட்டறை ஒன்றில் பணிபுரிந்த சித்தப்பா, இரும்புத் தூள் அள்ளும் பெரிய காந்தக் கட்டையைப் பூஜைக்கென்று கொண்டுவந்தார். அரிவாளுக்கும் தையல் எந்திரத்திற்கும் சந்தனம் இட்டாயிற்று. காந்தத்தைத் தொலைக்காட்சியின் தலைமேல் ஏற்றினார்.

"ரெண்டும் கரண்டு சமாச்சாரந்தான? ஒண்ணா கும்புட்டுக்கலாம்."

பூஜையில் வைத்த கருவியை மறுநாள் வரை அசைக்கலாகாது என்பது எங்கள் முறை. அசைக்கவில்லை. மறுநாள் பெட்டியை முடுக்கியபோது, செய்தி வாசித்த அம்மையாரின் ஒரு கன்னம் பச்சையாகவும் மறுகன்னம் ஊதாவாகவும் விளங்கிற்று.

"இன்னாடா இது, மூஞ்சி கத்திரிக்கா மாதிரி கீது?" என்றார் அப்பா.

"அந்தம்மாக்கு ஒடம்பு சரியில்லியோ இன்னாவோ" என்றார் சித்தப்பா.

காந்தத்தை அகற்றியும் கறை அகலவில்லை. சீர்ப் பொருளில் கறை விழுவது நல்ல சகுனமன்று என்று அம்மா கலங்கினார். இது சரியாகாவிட்டால் தைக்கே தள்ளிவிடலாம் என்று அப்பாவே வாய்விட்டார். அத்தை விளக்கேற்றிக் கண்மூடி நெடுநேரம் நின்றார். பெட்டி குணமாகத்தான் வேண்டுகிறார் என்று நானும் அருகில் நின்று கைகூப்பினேன்.

தாம்பரத்திலிருந்து பழுது பார்ப்பவர் வந்தார்.

"எத்தினி நாளாவும்ண்ணே?" என்று அத்தை கேட்டார்.

"நாளா? டீ ஆறதுக்குள்ள முடிஞ்சிரும்மா."

அக்காலப் பெட்டிகளில் திரைக்குப் பின்னாலிருந்து எலெக்ட்ரான்கள் பாய்ந்து வருகின்றன என்பதைப் பின்னாளில் படித்தறிந்தேன். மின்புலம் அவற்றை விரைவுபடுத்துகிறது. காந்தப்புலமோ வேகத்தைக் கூட்டுவதுமில்லை, குறைப்பதுமில்லை. வழியை மட்டும் வளைக்கிறது. சிவப்புப் புள்ளிக்குப் புறப்பட்டது பச்சையில் போய் விழுகிறது. கண்ணாடிக்குப் பின்னுள்ள துளைத் தகடும் காந்தமேறிவிட்டதால், கட்டையை எடுத்த பின்பும் எங்கள் கறை நிலைத்தது. பழுது பார்ப்பவர் மின்சாரம் ஓடும் கம்பிச் சுருள் ஒன்றைத் திரையருகே வட்டமாகச் சுழற்றியபடியே வாசல்வரை மெல்லப் பின்வாங்கினார். தகட்டில் ஏறிய காந்தம் இறங்கியது, முகங்கள் முகங்களாயின. சித்தப்பா சீட்டியடித்தார். அப்பா உடனே கல்யாணப் பத்திரிகை அடிக்கக் கொடுக்கக் கிளம்பினார்.

அத்தை உள்ளே சென்று தட்டச்சுப் புத்தகங்களைக் கட்டிப் பரணில் ஏற்றினார். நான் முக்காலியைப் பிடித்துக்கொண்டேன். இறங்கியபோது அவர் கண்கள் கலங்கியிருந்தன.

"டிவிதான் நல்லாயிடுச்சே, ஏன் அத்தே அழுவுற?"

"பரண் தூசுடா, கண்ணுல வுழுந்துடுச்சி."

நான் அதை நம்பி, முக்காலிமேல் ஏறி நின்று, அவர் இமையை விரித்துப் பிடித்து, தூசு போகட்டும் என்று பலங்கொண்ட மட்டும் ஊதினேன்.

இதைத் தாங்கள் பத்திரமாக வைத்திருக்க வேண்டுகிறேன்.