வெள்ளையாக வர வேண்டிய கோழி

அந்த எழவெடுத்த பதார்த்தத்தைச் செய்யலாம் என்று முடிவெடுத்தது நான் இல்லை, என் வீட்டுக்காரர். பள்ளிக்கரணையில் மகன் வீட்டில் இருக்கும் அவருடைய அக்கா, எனக்கு அண்ணி, நாலு வருஷம் கழித்து எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வருவதாகச் சொல்லியிருந்தார். எங்கள் தாம்பரத்திலிருந்து பள்ளிக்கரணைக்கு ஒரே பஸ்ஸில் போய்விடலாம். அந்தத் தூரத்தைக் கடக்க நாலு வருஷம். மாமனார் காரியத்தன்று முதல் பந்தியில் யாரை உட்காரவைப்பது என்று ஆரம்பித்த பேச்சு, அக்காவும் தம்பியும் முகத்தில் விழிக்காத அளவுக்குப் போய் நின்றது. இரண்டு பேருக்கும் அறுபது நெருங்குகிறது. அறிவு மட்டும் இன்னும் நெருங்கவில்லை.

அண்ணிக்கு வயிற்றுப்புண், காரம் கூடாது என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். இவர் மூன்று நாள் செல்போனை மூக்கில் ஒட்டிவைத்துத் தேடி, கேசரோல் என்று ஒரு வீடியோவைப் பிடித்தார். கோழியை வேகவைத்துப் பிய்த்து, வெண்ணெயில் மைதாவை வறுத்துப் பால் ஊற்றி, க்ரீமும் சீஸும் கொட்டி, ஓவனில் வைத்து எடுப்பது.

"மிளகாயே கிடையாதும்மா," என்றார், தானே கண்டுபிடித்த மாதிரி.

பருப்புக் கடைசலும் குழைந்த சோறும் வைத்தாலும்தான் மிளகாய் கிடையாது. அதை வீடியோ எடுத்துப் போட ஆளில்லை, அவ்வளவுதான்.

"அக்கா இந்த ஒரு வேளை நம்ம வீட்ல வயிறார சாப்பிட்டுட்டாப் போதும்," என்றும் சொன்னார். சரி என்று எழுந்தேன்.

வாங்கிய நாளிலிருந்து மூடியில்லாத டப்பாக்களும் டப்பா இல்லாத மூடிகளும் குடித்தனம் நடத்திய ஓவனைக் காலி பண்ணினேன். கோழிக்கடையில் எலும்பில்லாமல் கேட்டதற்கு, கடைக்காரர் கத்தியைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். "இன்னாத்துக்குக்கா? எலும்பு இல்லாத கோழில இன்னா கீது? பஞ்சு துன்றதுக்கு தலகாணியக் கடிக்கலாமே." பாலில் வேகவைக்கப் போகிறேன் என்று அந்த மனுஷனிடம் எந்த வாயால் சொல்வது?

கோழியைக் கழுவி வேகவைக்கும் வேலையை இவர் எடுத்துக்கொண்டார். கல்யாணமானதிலிருந்து ஞாயிற்றுக்கிழமைக் கறி கழுவுவது அவர்தான். மறைமலை நகர் தொழிற்சாலையில் இரும்பை மயிரிழை பிசகாமல் அளந்து அளந்து வெட்டிய கை, மஞ்சள்தூளை மட்டும் ஒருநாளும் அளந்ததில்லை. நான் இந்தப் பக்கம் மைதா கட்டிதட்டாமல் கிண்டிக்கொண்டிருந்தேன். மல்லிகைப்பூ மாதிரி வெள்ளையாகத்தான் வந்தது. கோழியை அதில் கொட்டி இரண்டு சுற்றுக் கிளறியதும் மொத்தமும் ஸ்கூல் பஸ் கலருக்கு மாறிவிட்டது.

"மஞ்சள் போட்டீங்களா?"

"போடாம எப்படி? கவுச்சி அடிக்காதா?"

"வீடியோல போட்டாங்களா?"

"அவங்க கோழியக் கழுவவே இல்ல. நீயும்தானே பார்த்த?"

வேறு சமைக்க நேரமில்லை. மேலே சீஸைத் தூவி, கண்ணை மூடிக்கொண்டு ஓவனுக்குள் தள்ளினேன்.

ஏழு மணிக்கு அண்ணி ஆட்டோவில் வந்து இறங்கினார். பிறந்ததிலிருந்து "டேய்" என்று கூப்பிட்ட தம்பியைப் பார்த்து, "நல்லா இருக்கீங்களா?" என்றார். இவர் முகம் தொங்கிவிட்டது. அந்தக் குடும்பத்தில் மரியாதை கொடுத்தார்கள் என்றால் உறவை அறுத்துவிட்டார்கள் என்று அர்த்தம். பக்கத்து வீட்டுக்காரர்களுக்குத்தான் அவர்கள் "வாங்க, போங்க" எல்லாம்.

மேஜையில் சோற்றோடு அந்தக் கண்ணாடிப் பாத்திரத்தை வைத்தேன். மேலே சீஸ், காய்ந்த சேறு மாதிரி வெடித்திருந்தது. ஓரத்தில் மஞ்சள் எண்ணெய். அண்ணி ஒரு வாய் வைத்தார்.

"நல்லா இருக்கு," என்றார். இன்னொரு வாய். "ரொம்ப நல்லா இருக்கு." கர்ச்சீப்பால் உதட்டை ஒற்றிக்கொண்டார்.

கல்யாண வீட்டில் முன்பின் தெரியாதவர்கள் சொல்வார்களே, அந்தக் குரல். என் வீட்டுக்காரர் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தார். வாய்க்கு ஒன்றும் போகவில்லை.

மூன்றாவது வாயில் அண்ணி நிறுத்தினார். ஸ்பூனால் கோழியைப் புரட்டி, விளக்கு வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தார். எவ்வளவோ அடக்கிப் பார்த்தார், பாவம். முடியவில்லை.

"கறிய யாரு கழுவினது?"

"நான்தான்."

"அதானே பார்த்தேன். ஏன்டா, இது கோழியா, மஞ்சத்தண்ணி ஊத்தின மாப்பிள்ளையா? அம்மா இருந்தப்பவே சொல்லுவாங்க, இவன் கையில மஞ்ச டப்பாவக் குடுக்காதீங்கன்னு. அறிவிருக்காடா உனக்கு?"

"நீதான் காரம் ஆகாதுன்ன."

"காரம் ஆகாதுன்னா இப்படியா பண்ணுவ? அன்னிக்குப் பந்தியிலயும் இப்படித்தான். ஒரு வார்த்த கேட்காம உன் இஷ்டத்துக்கு சித்தப்பாவ உட்கார வெச்ச."

"அவர் சுகர் பேஷன்ட் அக்கா. எவ்வளவு நேரம் பசியோட நிப்பாரு?"

"அத என்கிட்ட சொல்ல வேண்டியதுதானே?"

"நீ எங்க சொல்ல விட்ட?"

நாலு வருஷச் சண்டையை முதலிலிருந்து போட ஆரம்பித்தார்கள், வாயில் கோழியோடு. நான் கரண்டியை எடுத்து இரண்டு தட்டிலும் இன்னும் கொஞ்சம் வைத்தேன். அந்த ஸ்கூல் பஸ்ஸை இரண்டு பேருமே வேண்டாம் என்று சொல்லவில்லை.