லா சப்பல் நிலவறையில் கசுகோ அம்மாவுக்கு ஓர் இடம்

பாரிஸ் போகிறவர்கள் ஈஃபில் கோபுரம் பார்ப்பார்கள். போன அக்டோபரில் நான் ஒரு மளிகைக் கடையின் நிலவறையைப் பார்த்துவிட்டு வந்தேன். காரணம் யூமி. சென்னையில் ஒரு ஜப்பானியக் கம்பெனியில் நான் மொழிபெயர்ப்பாளர். அவள் அங்கே என்னோடு வேலை பார்த்தவள். அவளுடைய அம்மா கசுகோ, ஜெர்மானியர் பாரிஸைப் பிடித்து வைத்திருந்த காலத்தில் அந்நகரின் லா சப்பல் பகுதியில் வளர்ந்தவர். அவருடைய அப்பா அங்கே சமையல்காரர். பக்கத்து ரயில் பாதைகள் மேல் நேச நாட்டு விமானங்கள் குண்டு போடும்போதெல்லாம் குடும்பம் நிலவறைக்கு ஓடும். இப்போது கோபேயில் இருக்கும் அம்மாவுக்குக் கண் மங்கிக்கொண்டே வருகிறது. பார்வை போவதற்குள் அந்த நிலவறையை ஒருமுறை பார்த்துவிட வேண்டும் என்பது அவர் ஆசை. அவரால் பயணம் செய்ய முடியாததால், போனில் காட்டலாம் என்று யூமியும் நானும் போனோம்.

கார் து நோர் ரயில் நிலையத்திலிருந்து பத்து நிமிட நடை. மெட்ரோ என்றால் இரண்டாம் எண் தடம், டிக்கெட் இரண்டரை யூரோ. தொலைந்துபோனால் சொல்வதற்கென்று சின்ன வயதில் மனப்பாடம் செய்த முகவரி அம்மாவுக்கு இன்னும் மறக்கவில்லை: ரூ பிலிப்-து-ஜிரார் என்ற தெரு, வீட்டு எண்ணோடு. போய் நின்றால், வாசலில் முருங்கைக்காய்க் கட்டு! அந்தப் பகுதி இன்று ஈழத்தமிழர் கடைத்தெரு. கட்டடத்தின் கதவோ எண் அழுத்தினால்தான் திறக்கும். வெளியே வந்த இருவரிடம் உள்ளே விடச் சொல்லிக் கேட்டோம், முகத்தில் அடித்தாற்போல் மறுத்துவிட்டார்கள். சரி, நம்மவர் கடையில் கேட்போம் என்று அதே கட்டடத்தின் தரைத்தளத்து மளிகைக் கடைக்குள் நுழைந்தோம்.

கடைக்காரர் சிவா அண்ணை, கிளிநொச்சிக்காரர். முழுக் கதையையும் கேட்டார்.

"காவ் எங்கடை கடையோடதான் இருக்கு. அரிசி மூட்டை அடுக்கிக் கிடக்கு, பாத்து இறங்குங்கோ," என்று சாவியை எடுத்தார். நிலவறையைத்தான் இங்கே காவ் என்கிறார்கள்.

கீழே சிக்னல் கிடையாது. கடையின் வைஃபை கடைசிப் படிவரைதான் எட்டியது. அங்கேயே நின்று வீடியோ அழைப்பில் அம்மாவுக்குக் காட்டினேன். அண்ணை போனை எட்டிப் பார்த்தார்.

"அம்மா எங்கை இருந்தவ எண்டு கேளுங்கோ. வாசல்லையோ, உள்ளுக்கோ?"

எனக்குத் தோன்றவே தோன்றாத கேள்வி. ஊரில் போர் நடந்தபோது பங்கரில், அதாவது பதுங்குகுழியில், இருந்தவர்கள் முதலில் கேட்பது அதைத்தான் என்றார் அண்ணை.

"இதே படியில்தான்," என்றார் அம்மா. "நாங்கள் ஜெர்மனியோடு சேர்ந்த நாட்டுக்காரர்கள். உள்ளே இருந்தவர்கள் நகர்ந்து இடம் விடவில்லை. அவர்களைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் உள்ளே எப்படி இருக்கும் என்று அன்றிலிருந்து யோசித்துக்கொண்டே இருக்கிறேன்."

யூமிக்கே அது புதுச் செய்தி.  அண்ணைக்கு அதைத் தமிழில் சொன்னேன். அவர் மூட்டைகளை இழுக்க ஆரம்பித்தார், யூமியும் கைகொடுத்தாள். கடைசிச் சுவரோரம் இடம் கிடைத்ததும், வெறும் சாக்கு ஒன்றை மடித்துப் போட்டு அவளை உட்கார வைத்தார். நான் போனோடு படியிலேயே நின்றேன்.

போக நினைப்பவர்களுக்கு: சனி, ஞாயிறு வேண்டாம், கடைகளில் கால் வைக்க இடமிருக்காது. நிலவறைகள் தனியார் இடம், அனுமதி கேட்டே இறங்குங்கள். உள்ளே குளிரும், ஸ்வெட்டர் அவசியம்.

அன்று நான் கடைசியாக மொழிபெயர்த்ததையும் சொல்லிவிடுகிறேன். மகள் உள்ளே உட்கார்ந்திருப்பதையே பார்த்துக்கொண்டிருந்த அம்மா, "அங்கே இன்னும் ஓர் ஆளுக்கு இடம் இருக்கிறதா?" என்று கேட்டார்.

அண்ணை யூமிக்குப் பக்கத்தில் சாக்கைத் தட்டிக் காட்டினார்.

"ஓம் அம்மா, இருக்கு. உள்ளுக்கு வாங்கோ."