ஆண் என்று சொன்ன பூச்சி

ரெட்டிபாளையத்தில் சிமெண்ட் தூசி படியாத இலை கிடையாது. அங்கே அவனுடைய பட்டுப்புழுக்கள் கொழுகொழுவென்று வளர்ந்தன. பெரம்பலூரில் நான் தினமும் ஒதிய மரத்து இலையைக் கழுவித் துடைத்துப் போட்டேன். என்னுடையவை ஒவ்வொன்றாகச் செத்தன. இதை எப்படித் தாங்குவது?

அவன் என் சகலை, மனைவியின் தங்கை புருஷன். ஆப்பிரிக்காவில் வேலை பார்க்கும் எங்கள் மைத்துனன் லீவில் வந்தபோது, அந்த ஊர்ப் பட்டுப்பூச்சியின் முட்டைகளை மாத்திரை டப்பாவில் கொண்டுவந்து எங்கள் இருவருக்கும் சரிபாதியாகப் பிரித்துக் கொடுத்தான். மூத்த மருமகன் என்று எனக்கு நாலு கூடக் கொடுத்திருக்கலாம். மனைவியிடம் இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன்.

கடைசியில் எனக்கு ஒரே கூடு, அவனுக்கு மூன்று. "தங்கச்சி வூட்டுக்காரரு கைராசி அப்புடி" என்றாள் மனைவி. அன்று எனக்குச் சோறு இறங்கவில்லை.

ஒரு சனிக்கிழமை காலை என் கூட்டிலிருந்து பூச்சி வெளியே வந்தது. மஞ்சள் கலந்த பச்சை இறக்கை, ரிப்பன் போல இரண்டு வால். பெண். இந்தப் பூச்சிக்கு வாயே கிடையாது. எதுவும் தின்னாமல் ஐந்தாறு நாள் இருந்துவிட்டுச் செத்துப்போகும். அதற்குள் ஆணோடு சேர்ந்தால்தான் முட்டை பொரியும், என் வீட்டிலும் வம்சம் தொடரும்.

அன்றே அவன் போன் செய்தான். "சகல, எங்க வூட்ல மூணும் வந்துடுச்சு. ரெண்டு பொண்ணு, ஒரு ஆணு. உங்களுது என்னங்க?"

பெண் என்றால் ஆணுக்கு அவனிடம் கையேந்த வேண்டும். மாமியார் வீட்டு விசேஷத்தில் முதல் இலையில் உட்காருகிறவன் நான். "ஆணுதான்" என்றேன்.

மூன்றாம் நாள் பஸ் பிடித்து வந்து நின்றான், கையில் ஓட்டை போட்ட ஸ்வீட் பாக்ஸ். "எங்க ஆணு ஒண்ணோட சேந்துட்டு இன்னைக்கிக் காலைல செத்துட்டான். இன்னொரு பொண்ணு வீணாப் போவுதேன்னு உங்களுதுக்கு ஜோடியாக் கொண்டாந்துட்டேன்."

நேராக வலைக்கூண்டுக்குப் போனான். உள்ளே என் பூச்சி, ஒருநாளும் பொரியாத முட்டைகளை வலையில் வரிசையாக வைத்துக்கொண்டிருந்தது.

அவன் வெகுநேரம் பார்த்தான். என் முகத்தை மட்டும் பார்க்கவில்லை.

"ஒரு வார்த்த சொல்லியிருந்தா எங்க ஆணையே கொண்டாந்திருப்பனே சகல."

அவன் வீட்டு முட்டைகள் பொரிந்ததும் புழுக்களில் எனக்கும் பங்கு வந்தது. "மூத்தவரு நீங்க, உங்களுக்கு நாலு கூட வெச்சிருக்கேன்" என்று போனில் சொன்னான். இலையைக் கழுவித் துடைத்துப் போட்டுக்கொண்டிருக்கிறேன். அந்த நல்ல மனசும் அவனுக்கே வாய்த்திருக்கிறதே என்று வயிறு எரிகிறது.