இடது கதவின் வெல்டு

நூல் பருமன் உள்ள ஒரு வெல்டுக்காக நான் ஒரு மனுஷனின் தோளெலும்பை உடைத்திருக்கிறேன். நிஜ டாங்கியில் வைத்த வெல்டுகூட இல்லை. ஒன்றரை அடி நீளமுள்ள பொம்மை டாங்கியில், மரச்சீனிக் கிழங்கு மாவுப் பசையால் நானே வைத்த வெல்டு. சிரிக்கிறவர்கள் சிரித்துக்கொள்ளலாம். அன்றைக்கு அங்கே யாரும் சிரிக்கவில்லை.

யுத்தம் முடிந்து பட்டாளத்திலிருந்து வந்தபின் மலையாளம் பேசும் தம்பானூர்ப் பக்கம் ஒரு பஸ் வொர்க்ஷாப்பில் வெல்டராகச் சேர்ந்தேன். பர்மாவிலும் எனக்கு அதே வேலைதான். அங்கே எங்கள் டாங்கிகளுக்குப் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு இரும்புக் கதவுகள். குண்டு பட்டால் முதலில் பிய்வது அந்தக் கதவுகள்தான் என்று, இரண்டையும் வெல்டு வைத்து மூடிவிட உத்தரவு வந்தது. ஏறி இறங்க மேலே மூடி இருக்கிறதே, அது போதும் என்றார்கள். ஒரு டாங்கிக்கு வலது கதவை நல்ல வெயிலில், காய்ந்த வெல்டிங் ராடு வைத்து முடித்தேன். இடது கதவுக்குத் திரும்பும்போது மழை பிடித்துக்கொண்டது. ராடுக் கட்டு முழுக்க நனைந்துவிட்டது. நனைந்த ராடில் வைத்த வெல்டு மேலே பார்க்க லட்சணமாக இருக்கும், உள்ளே சொத்தையாக இருக்கும். எனக்கு அது தெரியும். அரைமணி நேரத்தில் வண்டி நகர வேண்டும் என்று ஆபீசர் கத்தினார். வைத்துக் கொடுத்துவிட்டேன்.

மூன்றாம் நாள் அந்த டாங்கி எரிந்தது. ஐந்து பேரில் இரண்டு பேர் பிழைத்தார்கள் என்று கேள்விப்பட்டேன். நான் போய்ப் பார்க்கவில்லை. எங்கள் பிரிவை அதற்குள் வேறு இடத்துக்கு மாற்றிவிட்டார்கள். ஆனால் எரிந்த டாங்கியின் உட்புறம் எப்படி இருக்கும் என்று எனக்கு யாரும் சொல்ல வேண்டாம். வேறு டாங்கிகளைச் சுத்தம் செய்திருக்கிறேன். தண்ணீர் ஊற்றினால் போகாது. உளி வைத்துத்தான் சுரண்ட வேண்டும். ஒருமுறை உளி முனையில் ஒரு பல் வந்தது. அதற்குப் பிறகு ஒரு வாரம் நான் யார் பேசினாலும் அடிக்கக் கை ஓங்கினேன்.

பிழைத்த இரண்டு பேரில் ஒருவர் அந்த டாங்கியை ஓட்டியவர். நாஞ்சில் நாட்டுக்காரர், என் வயதுதான். அவரும் எங்கள் பஸ்களுக்கே டிரைவராக வந்து சேர்ந்தார். என்னைப் பார்த்தால் தலையசைப்பார், அவ்வளவுதான். எப்படிப் பிழைத்தீர் என்று நான் கேட்கவில்லை. கேட்க எனக்குத் தைரியம் இல்லை, அதுதான் நிஜம்.

ஒருநாள் டீக்கடையில் அவர் பேச்சுவாக்கில் சொல்லிவிட்டார்: "நம்ம வெல்டரு இடது கதவுல வச்ச வெல்டு பிரிஞ்சுபோச்சு." அவ்வளவுதான் சொன்னாராம். அது போதாதா? மறுநாளே வொர்க்ஷாப்பில் என் வேலைக்கு "பர்மா வெல்டு" என்று பெயர் விழுந்துவிட்டது. சேஸிஸில் நான் கை வைத்தால் போதும். "சேட்டா, இது பர்மா வெல்டாணோ?" என்று எவனாவது கேட்பான், மற்றவர்கள் இளிப்பார்கள். வேறொரு டிரைவர் நான் வெல்டு வைத்த பஸ்ஸை எடுக்க மாட்டேன் என்றே சொல்லிவிட்டார். அதற்குப் பதில் என்னைப் பெற்றவளைச் சொல்லித் திட்டியிருந்தால் பொறுத்திருப்பேன். வெல்டரின் வெல்டை நம்பவில்லை என்றால் அவன் எதற்குச் சோறு தின்ன வேண்டும்?

அந்த வெறியில்தான் டாங்கியைச் செய்யத் தொடங்கினேன். ஒரே பலாக்கட்டையைச் செதுக்கி, மண்ணெண்ணெய்த் தகரத்தை வெட்டி மேலே போர்த்தினேன். தகடும் தகடும் சேரும் இடத்தில் வெல்டு தெரிய வேண்டும். முதலில் நூலை ஒட்டினேன்; நூல் நூலாகவே இருந்தது. மெழுகு வைத்தேன், பிற்பகல் வெயிலில் இளகிவிட்டது. பிறகு ஈயம். வலது கதவைச் சுற்றி ஈயப் பற்று வைத்து, ஆறுவதற்குள் சூட்டுக்கோலால் இழுத்தேன். சுமாராக வந்தது. அது போதும், வலதுபக்கத்தை யார் குற்றம் சொன்னார்கள்? பழி எல்லாம் இடது கதவின் மேல்தான்.

இடது கதவுக்கு ஈயம் எனக்குப் போதவில்லை. கையால் வைத்த வெல்டு மீன் செதில்போல ஒன்றன்மேல் ஒன்று படிந்து வரும். அதற்கு மரச்சீனி மாவைக் காய்ச்சிப் பசையாக்கி, சாக்பீஸ் பொடி கலந்து, விளிம்பில் வரியாகப் பிழிந்தேன். ஊசிமுனையால் ஒவ்வொரு செதிலாக அழுத்தினேன். வெல்டு வைக்கும்போது சுற்றிலும் தெறிக்குமே பொட்டுப் பொட்டாக, அதற்கு ரவை. காய்ந்ததும் கறுப்பு மை பூசினேன். சாமி சத்தியமாக, அதைவிட நல்ல வெல்டை நான் எங்கும் பார்த்ததில்லை. பர்மாவில் நான் வைத்தது அப்படி இல்லை. பொய்யைத்தான் ஊசிமுனையால் எழுதிக்கொண்டிருந்தேன்.

சுவரில் போஸ்டர் ஒட்டுகிற பயலுக்குக்கூடத் தெரியும், மாவுப் பசையில் துரிசு, அதாவது மயில்துத்தம், கலக்காவிட்டால் பூச்சி தின்றுவிடும் என்று. என் பெண்டாட்டி விடவில்லை.

"துரிசு வெசமாக்கும். எனக்க சட்டியில அதப் போட்டுக் காய்ச்சினீங்கன்னா, சட்டியோட உங்களையும் தூக்கி வெளிய எறிஞ்சிருவேன்."

துரிசு இல்லாமலே காய்ச்சினேன்.

எங்கள் வொர்க்ஷாப்பில் சரஸ்வதி பூஜைக்கு அஷ்டமி சாயங்காலமே ஆயுதங்களைப் பூஜைக்கு வைத்துவிடுவோம். விஜயதசமி காலையில் எடுக்கும்வரை ஒரு திருகாணியைக்கூட யாரும் தொடக்கூடாது. ஸ்டோர் ரூமில் படத்துக்கு முன்னால் ஸ்பானர், சுத்தியல் எல்லாம் பரத்தி, அவல், மலர்ப்பொரி, சர்க்கரை, பழம் படைத்துக் கதவைப் பூட்டுவோம். சாவி வருஷாவருஷம் அந்த நாஞ்சில் நாட்டு டிரைவரிடம்தான் இருக்கும். அந்த வருஷம் நான் என் டாங்கியையும் கொண்டு போய் வைத்தேன். எல்லார் முன்னாலும் அவரிடம் சொன்னேன்.

"வே, விஜயதசமி அன்னைக்கு இத நீருதான் கையில எடுக்கணும். இடது கதவப் பாத்து, நான் வச்ச வெல்டு நல்ல வெல்டா சொத்த வெல்டான்னு எல்லாருக்கும் கேக்கச் சொல்லும்."

அவர் டாங்கியை வெகுநேரம் பார்த்தார். "சொல்லணும்னா சொல்லுகேன்," என்றார்.

விஜயதசமி காலையில் அவர் பூட்டைத் திறந்தார். முப்பது பேராவது இருந்திருப்போம். கற்பூரம் காட்டியதும் நான் முந்திக்கொண்டு டாங்கியைப் பார்த்தேன். இடது கதவைச் சுற்றி ஒன்றுமே இல்லை. ஒரு செதில் இல்லை, ஒரு ரவை இல்லை. வெறும் இடுக்கு வாயைப் பிளந்துகொண்டிருந்தது. வலது பக்கத்து ஈயம் அப்படியே இருந்தது.

சாவி யாரிடம் இருந்தது? அதற்கு மேல் நான் எதையும் யோசிக்கவில்லை. முதல் குத்து அவர் வாயில் விழுந்தது. பல் உடைந்து என் விரல் முட்டியில் ஏறியது. "சொரண்டியா எடுத்தே, நாயே!" என்று கத்திக்கொண்டே இரண்டாவது குத்து குத்தினேன். அவர் பூஜைச் சாமான் மேல் விழுந்தார், குத்துவிளக்கு உருண்டது. கைக்கு அகப்பட்டது என் சுத்தியல். சந்தனப் பொட்டோடு இருந்தது. தலைக்குத்தான் வீசினேன். அவர் திரும்பிக்கொண்டதால் தோளில் விழுந்தது. எலும்பு முறிந்த சத்தம் எல்லாருக்கும் கேட்டது. "அய்யோ, கொல்லல்லே, விடு!" என்று நாலைந்து பேர் என்மேல் விழுந்து அமுக்கினார்கள். ஒருவன் என் கையைக் கடித்துத்தான் சுத்தியலைப் பிடுங்கினான்.

தரையோடு தரையாக என் முகத்தை அழுத்தி வைத்திருந்தார்கள். கண்ணுக்குப் பக்கத்தில் எறும்பு போய்க்கொண்டிருந்தது. ஒரு சாரி. சர்க்கரையிலிருந்து புறப்பட்டு டாங்கியில் ஏறி, இடது கதவைச் சுற்றிக்கொண்டு, சுவர் இடுக்குக்குப் போனது. ஒவ்வொன்றின் வாயிலும், டாங்கியடியில் உதிர்ந்ததில் மிச்சமான, மை பூசிய ஒரு ரவை.

அவரும் அதைப் பார்த்தார். தோளைப் பிடித்தபடி சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார், வாயிலிருந்து ரத்தம் சட்டையில் வடிந்தது.

"வே," என்றார். "நான் டீக்கடையில சொன்னது நெசந்தான். உள்ள தீ. மேல்மூடி மாட்டிக்கிட்டுது. இடது கதவ மிதிச்சேன். மூணாவது மிதியில உம்ம வெல்டு பிரிஞ்சுது. அந்த வழியாத்தான் நானும் இன்னொருத்தனும் வெளிய விழுந்தோம். உம்மக் கும்பிட்டுத்தான் சொன்னேன், கேட்டேரா?"

என்னைப் பிடித்திருந்தவர்களின் கை தளர்ந்தது.

"பின்ன ஏன் பாதியோட நிப்பாட்டினீரு?" என்றேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. "முழுசாச் சொல்லியிருந்தா என்ன?"

"முழுசாச் சொன்னா நீரு வலது கதவக் கேப்பீரு."

அப்போதாவது நான் வாயை மூடியிருக்கலாம். கேட்டேன்.

"மத்த மூணு பேரும் தீக்கு அந்தப் பக்கம்," என்றார். "அவனுகளும் மிதிச்சானுக. வெளிய நின்ன எனக்குக் கேட்டுது. பொறவு மிதி நின்னு கையால தட்டினானுக. ரொம்ப நேரம் தட்டினானுக வே. நல்ல வெல்டு. கடைசி வர பிரியல்ல."

அவரை ஆஸ்பத்திரிக்குக் கொண்டு போனார்கள். படியில் தவறி விழுந்ததாக அவரே எழுதிக் கொடுத்ததால் போலீஸ் வரவில்லை, என் வேலையும் போகவில்லை. அவருடைய இடது கை அதற்குப் பிறகு ஸ்டியரிங்கை முழுசாகத் திருப்பவில்லை. அவருக்கு டிக்கெட் ஆபீசில் உட்காரும் வேலை கொடுத்தார்கள்.

நான் டாங்கியை வீட்டுக்குக் கொண்டுவந்தேன். அடுப்பில் சூட்டுக்கோலைப் பழுக்க வைத்து, வலது கதவைச் சுற்றியிருந்த ஈயத்தை இளக்கத் தொடங்கினேன். நல்ல பற்று, லேசில் விடவில்லை. ஈயம் சொட்டி விரல் பொத்துப்போயிற்று. "என்னத்துக்கு இப்பிடிப் பேய் பிடிச்சாப்ல?" என்று பெண்டாட்டி கத்தினாள். நான் உளியைக் கொடுத்து நெம்பினேன். கடைசியில் கதவு பிய்ந்து கையோடு வந்தது.

பின்னால் கட்டைதான் இருந்தது. உள்ளே ஆள் இருக்க நான் இடமே வைக்கவில்லை.